மிஞ்சிய திருகாணி

மோல்மேனில் இந்த மாதம்
மின்சாரம் ராத்திரி ஒன்றுக்கு வந்து
ஐந்துக்குப் போகிறது.
தண்ணீர் லாரிச் சத்தம் கேட்டுக்
குடம் தூக்கி ஓடுகிறவளைப் போல எழுகிறேன்.

முதலில் கடைக்கு வந்த போன்கள், பதினொன்று, சார்ஜில்.
பிறகு மோட்டார்.
பிறகு, நார்வேயில் இருப்பதாகப் பொய் சொல்லிவிட்டு
(பனிச்சறுக்குச் செருப்பு விளம்பரமாக வருகிறது எனக்கு)
உலகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக
இறக்கி வைத்துக்கொள்கிறேன்.

எதைத் தேடுகிறாய் என்று கேட்காதீர்கள்.
திரை ஒட்டும் பசை எங்கே மலிவு என்று போவேன்,
ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று திரும்பி வருவேன்.
ஏறக்குறைய நாலாயிரம் வருஷத்துக்கு முன்
களிமண் பலகையில் ஒருவன்
"நீ அனுப்பிய செம்பு மட்டம்" என்று
பக்கம் நிறையத் திட்டியிருக்கிறான்.
படிக்கும்போது கை தானாக
ரசீதுப் புத்தகத்தைத் தேடியது.

ஒரு தடவை
என்ன மொழியென்றே தெரியாத மொழியில்
இரண்டு பெண்கள் நாற்பது நிமிஷம் பேசுவது
தவறி இறங்கிவிட்டது.
நடுவில் ஓரிடத்தில் அப்படிச் சிரித்தார்கள்,
சாலிடரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டு நானும்.
எதற்கென்று இன்றுவரை தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை இறங்கியது
பல்சக்கர யந்திரத்தின் கதை.
கிரேக்கக் கடலில் பஞ்சு எடுக்க மூழ்கியவர்கள்
ஒரு கப்பலைக் கண்டார்கள்.
அதிலிருந்து பச்சை பிடித்த வெண்கலக் கட்டி.
உள்ளே முப்பது சக்கரம்,
கிரகணத்தை முன்கூட்டிச் சொல்லும்,
ஈராயிரம் வயசு.
"ஆனால் ஆராய்ந்தவர்களைத் திகைக்க வைத்தது..."
என்று சொல்கிறவர் மூச்சிழுத்த இடத்தில்
மணி ஐந்து.
எண்பத்து மூன்று சதவீதம்.

காலையில் சைக்கா ஓட்டும் கோ ஸா நைங்
கன்னத்துத் தனாக்கா காயுமுன் வந்து நின்றான்,
"இன்னைக்கு என்ன சரக்கு?"
சொன்னேன். ஒரு சவாரியை விட்டுக் கேட்டான்.
"திகைச்சாங்க. அப்புறம்?"

அந்த மூச்சிலேயே அவனை நிறுத்தி வைக்க
மனசு வரவில்லை.
"ஒரு சக்கரம் மட்டும்
எதோடும் பல் சேராமல் இருந்ததாம்.
எதையும் திருப்பாது.
செய்தவன் சும்மா வைத்தது."

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
எந்தப் போனைக் கழற்றிப் பூட்டினாலும்
ஒரு திருகாணி மிஞ்சும்.
போன் வேலை செய்யும்.
வாடிக்கையாளரிடம் நான் சொல்வதில்லை.

பத்து நாள் கழித்து
சிவநாயகம், அடையாள அட்டையில் ஊ தான் ஓ,
படகில் ஏறும்போது சல்வீனில் விழுந்த போனோடு வந்தார்.
அது வடியும்வரை பேச வேண்டுமே.
"ஒரு யந்திரம் கிடைச்சிருக்காம் தெரியுமா,
கடலுக்கடியில.
ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுத்துமாம்.
அது மட்டும் தங்கமாம்."

தங்கம் யார் சேர்த்தது?
"அது நான் கட்டிவிட்டது" என்றேன்.
பாவமாகப் பார்த்தார்.
"எல்லாம் நெட்ல இருக்கு மங்களம்.
படிச்சுப் பாரு."

அன்று ராத்திரி ஒரு மணிக்கு
மீதிப் பதினேழு சதவீதம் வந்தது.
நிலா ஒரே வேகத்தில் போவதில்லையாம்,
ஒரு நேரம் விரைந்து, ஒரு நேரம் தயங்கி.
அந்தத் தயக்கத்தைக்கூட
ஒரு முளையும் ஒரு காடியும் வைத்து
வெண்கலத்தில் செய்திருக்கிறான் அந்த மனுஷன்.
என் பொய்யைவிட நன்றாகத்தான் இருந்தது.
கொஞ்சம் பொறாமையாகவும்.

விடிந்ததும் கோ ஸா நைங்கிடம் சொன்னேன்,
நிலா, முளை, காடி, எல்லாம்.
முழுக்கக் கேட்டான். பெல்லை ஒருமுறை அடித்தான்.
"சரி," என்றான்,
"அந்தச் சும்மாச் சக்கரம் என்ன ஆச்சு?"

சிவநாயகம் போன் காய்ந்து, பூட்டி,
பேரன் படத்தோடு வெளிச்சம் வந்துவிட்டது.
மேசையில், வழக்கம்போல,
ஒன்று.